மரம் நடுத தம்பி தங்கச்சிகளுக்கு, பொட்டல் காட்டு ஓரத்துல இருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிகளுக்கு,

நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் நடுவுல உள்ள ஒரு ஊர்ல இருந்து எழுதுதேன். ஞாயித்துக்கெழம காலையில மம்பட்டி, கடப்பாரை, தண்ணி கேன் எல்லாம் தூக்கிட்டு வண்டி வண்டியா வந்து எறங்குத எல்லாக் குழுவுக்கும் சேத்துதான் இந்த மடல். எந்த ஒரு குழுவையும் மனசுல வச்சு எழுதல, அதனால ‘இந்த அக்கா நம்மளத்தான் சொல்லுது’ன்னு யாரும் சங்கடப்பட வேண்டாம்.

நானும் உங்க ஆளுதான். ஆறு வருசமா வீட்டுக்குப் பொறத்த பச்சை வலை கட்டி வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பைன்னு பாக்கெட் போட்டு கன்னு வளத்துக் குடுத்துட்டு இருக்கேன். உங்கள்ல கொஞ்சப் பேருக்கு என் கையில வளந்த கன்னுதான் வந்திருக்கும். வெயில்ல நின்னு நீங்க குழி வெட்டுதத பாத்திருக்கேன், சொந்தக் காசப் போட்டு டேங்கர் தண்ணி ஊத்துதத பாத்திருக்கேன், பொறந்தநாளுக்கு கேக் வெட்டாம கன்னு வாங்க வந்து நின்ன காலேஜ் புள்ளையையும் பாத்திருக்கேன். அந்த மனசு எனக்குத் தெரியும். தெரியுததுனாலதான் இதச் சொல்லாம இருக்க முடியல. நம்ம காட்டு வெளியில, அந்தப் பொட்டல்ல, தேரிங்குத செம்மணல் மேட்டு ஓரத்துல, தயவு செஞ்சு மரம் நடாதீங்க. அங்க ஏற்கனவே உயிர்கள் குடியிருக்கு.

என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன். முந்துன வருசம் புரட்டாசியில எங்க ஊருக்கு மேக்க ஒரு தரிசுல மரம் நடுத விழா. கன்னு குடுத்தது நான்தான். விழாவுக்கு ரெண்டு நாள் முந்தியே ஜேசிபி வந்து அங்கங்க கெடந்த கல்லையெல்லாம் பொறக்கி ஓரத்துல குமிச்சாச்சு, கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, ஊசிப்புல்லு எல்லாத்தையும் வழிச்சு எடுத்து ‘சுத்தம்’ பண்ணியாச்சு, பொறவு கயிறு பிடிச்ச மாதிரி வரிசையா குழி. விழா அன்னைக்கி பந்தல், பேனரு, குழாய் ரேடியோ எல்லாம் உண்டு. எனக்கும் சால்வை போத்துனாவ. எல்லாரும் போன பொறவு சாயந்தரம் பாக்கெட் கவரப் பொறக்கலாம்னு நான் மட்டும் நடந்து வந்தேன், பாத்துக்கிடுங்க, ஒரு குழி மண்ணுக்கு மேல வெள்ளையா ஏழெட்டு முட்டை. புளியமுத்தவிட கொஞ்சம் பெருசு, தொட்டா மெத்துனு இருக்கும், தோல் முட்டை. ரெண்டு ஒடஞ்சு எறும்பு மொய்ச்சுட்டு இருந்துச்சு. அடுத்த குழியிலயும் அதே மாதிரி. நாலு வரிசை பாத்ததுக்கு மேல எனக்கு நடக்க முடியல, அப்படியே அந்த கல்லுக் குமி மேல உக்காந்துட்டேன்.

அது என்ன முட்டைன்னு எனக்கு பாத்த ஒடனே தெரியும். மணல் ஓணான் முட்டை. எங்க அய்யா அதுக்கு வச்ச பேரு அது, படிச்சவங்க விசிறித் தொண்டை ஓணான்ம்பாவ.

எங்க அய்யாட்ட முப்பது உருப்படி கொடியாடு இருந்துச்சு. பள்ளிக்கொடம் லீவு விட்டா நானும் கூடப் போவேன். ஆடு மேய்க்குதவனுக்கு வேலையே உக்காந்து பாக்குதது தான, அப்படி பாத்துப் பாத்துப் பழகுனதுதான் எனக்கு இந்த ஓணான். வேலிக்கு மேல ஏறி நிக்குத பெரிய ஓணான் இல்ல இது. ஒரு சாண் நீளந்தான், அதுலயும் முக்காவாசி வாலு, மண்ணு நெறத்துல முதுகுல பாய் நெஞ்ச மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். சும்மா இருந்தா கண்ணுக்கே தெரியாது. கோடையில மொத மழை ஒண்ணு விழுந்து மண்ணு வாசம் கெளம்புத நேரம் வந்து பாக்கணும், கெடா ஓணான் எங்க ஒரு கல்லு கொஞ்சம் தூக்கலா கெடக்கோ அதுல ஏறி நின்னு, முன்னங்கால ஊனி, தாடைக்கு அடியில மடிச்சு வச்சிருக்க தோல விசிறி மாதிரி விரிக்கும், மடக்கும், விரிக்கும், மடக்கும். வெளுத்த தோலு, அதுல நீலம் ஓடும். வெயில் பின்னாடி இருந்து அடிச்சா வெளக்கு ஏத்துன மாதிரி இருக்கும். இருவது அடி தள்ளி இன்னொரு கல்லுல இன்னொண்ணு நின்னு இதே மாதிரி விரிக்கும். பொட்டைக்கு அந்த விசிறி கெடையாது, அது கீழ புல்லு மறைவுல நின்னு பாத்துட்டு இருக்கும். பக்கத்துல போனா பின்னங்கால் ரெண்டுல மட்டும் எந்திச்சு நின்னு ஓடும், மண்ணுல புகை கெளம்புத மாதிரி ஒரு ஓட்டம். அதோட பின்னங்கால்ல விரலு நாலுதான். மத்த ஓணானுக்கு அஞ்சு இருக்கும். இத எங்க அய்யா ஒருதடவ பிடிச்சுக் காட்டி எண்ணச் சொன்னாரு, அன்னைக்கி எண்ணுனது இன்னும் மறக்கல.

இப்போ யோசிச்சுப் பாருங்க, அந்தக் கல்ல பொறக்கி ஓரத்துல குமிச்சுட்டா அது எதுல ஏறி நிக்கும்? நமக்கு அது மம்பட்டிக்கு எடைஞ்சலா கெடக்குத கல்லு, அதுக்கு அதுதான் மேடை, அதுதான் காவக்கோபுரம், எதிரி வந்தா தெரியுததும் அதுலதான், பொண்ணு பாக்குததும் அதுலதான்.

இன்னொரு விசயம், சூடு. ஓணான், பல்லி, அரணைக்கெல்லாம் நம்மள மாதிரி உடம்புக்குள்ள சூடு ஊறாது. வெளிய உள்ள சூட்ட வாங்கித்தான் அது ஓடணும், இரை பிடிக்கணும், தின்னத செரிக்கணும். காலையில வெயில் ஏறுனதும் வெளிய வந்து உடம்பத் தட்டையா வச்சு கல்லு மேல கெடக்கும். மத்தியானம் மண்ணு நாம செருப்பில்லாம மிதிக்க முடியாத சூட்டுல கொதிக்கும், அப்போ கொழிஞ்சிச் செடி அடியில ஒரு சாண் நெழலு இருந்தா போதும் அதுக்கு. சாயந்தரம் திரும்ப வெளிய வரும். ஒரு சாண் நெழலும் பக்கத்துலயே ஒரு முழம் வெயிலும் மாறி மாறி கெடக்கணும், வெயிலுக்கும் நெழலுக்கும் நடுவுல நாளு பூரா நடந்துதான் அது தன் உடம்புச் சூட்ட அளவா வச்சுக்கிடும். நாம மரம் நட்டு பத்து வருசத்துல மேல குடை பிடிச்ச மாதிரி மூடிட்டோம்னா அந்தக் கணக்கு குலைஞ்சு போகும். முட்டையும் அப்படித்தான், எந்தத் தாயும் அடைகாக்காது. வெயில் படுத மண்ணப் பாத்து குழி தோண்டி, முட்டைய வச்சு, மண்ணத் தள்ளி மூடிட்டு, மூக்கால தட்டித் தட்டி இறுக்கிட்டுப் போயிரும். வாரக்கணக்குல அந்த மண்ணுச் சூடுதான் அதுக்குத் தாய். நெழல் விழுந்து சருகு மூடி ஈரமா கெடக்குத மண்ணுல அந்தச் சூடு எங்க இருந்து வரும்?

மரம் பெருசானா இன்னொண்ணும் நடக்கும். வெறும் பொட்டல்ல உக்கார எடமில்லாம இருந்த காக்காவும் வல்லூறும் கொப்புல உக்காந்து கீழ பாக்க ஆரம்பிக்கும். வேலி ஓணான் மரத்தோட சேந்து உள்ள வரும், அது சின்ன ஓணானையும் பிடிச்சுத் தின்னும். உங்க கண்ணுக்கு பச்சையா நெறஞ்சு தெரியுத எடத்துல, அங்க மொதல்ல இருந்த ஆளு ஒருத்தரும் இருக்க மாட்டாவ.

‘ஓணான் எங்கயும்தான் இருக்கு, இங்க போனா என்ன’ன்னு கேக்கத் தோணும். அங்கதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. ரொம்ப காலமா இந்த விசிறி ஓணான்லாம் இந்தியா பூரா ஒண்ணு ரெண்டு வகைதான்னு நெனச்சுட்டு இருந்தாவ. 1829ல க்யூவியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரி பேர வச்சு ‘சிட்டானா பாண்டிசெரியானா’ன்னு எழுதி வச்சதுதான் எல்லாத்துக்கும் பேரு. பொறவு நம்ம காலத்துல ஆராய்ச்சிக்காரங்க ஊர் ஊரா நடந்து, மரபணு பாத்து, எலும்பு பாத்து, இது ஒண்ணில்ல பல வகைன்னு பிரிச்சாவ. 2016ல மட்டும் புதுசு புதுசா பேரு வந்துச்சு. அதுல ஒண்ணுக்கு ‘சிட்டானா விசிறி’ன்னு பேரு. நம்ம பனையோலை விசிறிதான், அதே தமிழ்ச் சொல்லு, உலகம் பூரா எந்த நாட்டு விஞ்ஞானி எழுதுனாலும் விசிறின்னுதான் எழுதணும். இன்னொண்ணுக்கு ‘சிட்டானா மருதம்நெய்தல்’னு பேரு. வயலும் கடக்கரையுமா கெடக்குத தென் தமிழ்நாட்டுச் சமவெளியில வாழுதுன்னு ரெண்டு திணையையும் சேத்து வச்சாவ. பாத்துக்கிடுங்க, 2016 வரைக்கும் பேரே இல்லாம நம்ம காலடியில ஓடிட்டு இருந்த உயிரு அது. இனி எத்தனைக்குப் பேரு வைக்கணுமோ, அதுக்கு முன்னாடியே நாம ஜேசிபி விடுதோம்.

ஓணான் மட்டும் இல்ல. நம்ம கல்லு, மண்ணு, முள்ளு மூணுலயும் ஆளு உண்டு. பொட்டல்ல புல்லு நடுவுல கோடு கோடா முதுகோட விர்ருன்னு ஒரு பல்லி ஓடும், அதுக்கு கண்ணு சிமிட்டவே தெரியாது, கீழ் இமை கண்ணாடி மாதிரி ஆகி கண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பாம்புக்கு இருக்க மாதிரியே. தூசி பறக்குத ஊர்ல வாழுததுக்கு அதவிட நல்ல ஏற்பாடு வேற என்ன இருக்கு. மணலுக்குள்ள நீந்துத மாதிரி போற அரணை உண்டு, ‘அரணை கடிச்சா மரணம்’னு சொல்லிச் சொல்லியே அத அடிச்சுக் கொல்லுதாவ, அதுக்கு விசமே கெடையாது. பாறையில செவப்பும் கருப்புமா மின்னுத பாறை ஓணான் உண்டு, அந்தக் கெடா பொட்டையப் பாத்தா ஒரு நெறம் காட்டும், இன்னொரு கெடாவப் பாத்தா வேற நெறம் காட்டும். ஆறேழு வருசத்துக்குள்ளதான் தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளக்கல் பாறையில வாழுத ஒரு பல்லிய புது வகைன்னு கண்டுபிடிச்சு அந்தக் கல்லு பேரையே அதுக்கு வச்சாவ. பொறவு உடும்பு, அது கரையான் புத்துல முட்டை வைக்கும், 1972 வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்க விலங்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதுக்கும் அதேதான். புத்த ஒடச்சு மட்டம் பண்ணுதப்போ நாம யாரும் இத நெனைக்குதது இல்ல.

இந்த ஓணான நம்பி எத்தன பேரு இருக்காவன்னு பாத்தா அதுவும் பெரிய குடும்பம். பனங்காடைன்னு நீல றெக்கைப் பறவை, பேர்லயே பனை இருக்கு, பட்டுப்போன பனைப் பொந்துல கூடு வச்சுட்டு எறங்கி வந்து ஓணானத் தூக்கும். கீச்சான் குருவி பிடிச்சத உடைமுள்ளுல குத்தி வச்சுட்டு பைய வந்து தின்னும், சின்னதுல அத மொதத்தடவ பாத்து நான் அழுதுட்டேன், எங்க அய்யாதான் ‘அதுவும் புள்ளைக்கு சோறு ஊட்டணும்லா’ன்னு சொன்னாரு. கட்டுவிரியன், சாரை, கீரி எல்லாத்துக்கும் ஓணானும் பல்லியும் சோறு. ஓணானுக்கு எறும்பும் கரையானும் வெட்டுக்கிளியும் சோறு. மழை முடிஞ்சு ஈசல் கெளம்புத அன்னைக்கி பொட்டல்ல நடக்குதது ஒரு கல்யாண விருந்து.

இதுல ஒரு கண்ணிய அசைச்சா என்ன ஆகும்னு பாத்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, இதக் கட்டாயம் நீங்க தெரிஞ்சுக்கிடணும். மகாராஷ்டிராவுல சதாரா பக்கம் சால்கேவாடின்னு ஒரு மேட்டு நெலம். அங்க நம்ம முப்பந்தல், கயத்தாறு மாதிரியே காத்தாடி நட்டிருக்காவ. அங்கயும் விசிறி ஓணான் உண்டு, ஆனா நம்மூர் வகை இல்ல, நீலமும் கருப்பும் ஆரஞ்சுமா விசிறி விரிக்குத வேற வகை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்து ஆளுங்க போயி காத்தாடி இருக்க எடத்தையும் இல்லாத எடத்தையும் வச்சு ஒப்பிட்டுப் பாத்து 2018ல எழுதுனாவ. காத்தாடி இருக்க எடத்துல பருந்து, வல்லூறு மாதிரி வேட்டைப் பறவைங்க நாலுல ஒரு பங்குதான் இருந்துச்சாம். பிடிக்க ஆளு இல்லாததுனால ஓணான் நெறைய பெருகிருச்சு. பெருகுனது நல்லதுதானன்னு நெனைக்கத் தோணும், ஆனா ஒண்ணொண்ணும் மெலிஞ்சு போய் கெடந்துச்சு, விசிறி நெறமும் மங்கிப் போச்சு, ஆளு ரொம்பப் பக்கத்துல போற வரைக்கும் பயந்து ஓட மாட்டேங்குது. மேல பறக்குத ஒண்ணு போனதுக்கு கீழ மண்ணுல ஓடுததோட உடம்பு நெறம் வரைக்கும் மாறிப்போச்சு. காத்தாடி வேண்டாம்னு சொல்ல நான் இத எழுதல, எங்க வீட்டு கரண்டும் அதுலதான் வருது. ஒரு எடத்துல நாம ஒண்ண நட்டா, அது கம்பியா இருந்தாலும் கன்னா இருந்தாலும், அது எங்க எங்க போயி முட்டும்னு தெரியாம நடக் கூடாதுங்குததுக்குச் சொல்லுதேன்.

எல்லாத்துக்கும் காரணம் ‘தரிசு’ங்குத அந்த ஒரு சொல்லுதான்னு எனக்குப் படுது. வெள்ளக்காரன் வரி போட்ட காலத்துல எதுல வரி வரும் எதுல வராதுன்னு பிரிச்சதுதான் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு எல்லாம். இன்னைக்கும் தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடுங்குத நெலக் கணக்குப் புத்தகத்தப் பொரட்டுனா அந்தச் சொல்லு அப்படியே இருக்கு. அதுக்கு மேல 2000ல இருந்து வேஸ்ட்லேண்ட் அட்லஸ்னு நாட்டுக்கே ஒரு வரைபடப் புத்தகம் போடுதாவ, அதுல புதர் நெலம், மணல் மேடுன்னு எல்லாம் வேஸ்ட் கணக்குல வருது. வரி வராத நெலம் உயிர் இல்லாத நெலம் ஆயிருச்சு. அதே பொட்டல்லதான் எங்க அய்யா முப்பது ஆடு வளத்து மூணு புள்ளைய கரையேத்துனாரு. அங்க மேஞ்சு வளந்ததுதான் கன்னி ஆடும் கொடி ஆடும், நம்ம சீமையோட சொந்த இனம், புல்லும் முள்ளுமா இருக்க பொட்டல்ல மேஞ்சு மேஞ்சுதான் அதுக்கு அந்தக் காலு, அந்த ஒடம்பு. பாளையங்கோட்டையில இருந்து தூத்துக்குடி போற வழியில வல்லநாட்டு மலையில 1987ல வெளிமானுக்குன்னு சரணாலயம் வச்சாங்களே, அந்த மானுக்கும் வேண்டியது இதே மாதிரி தெறந்த வெளிதான், அடர்ந்த காடு இல்ல.

தேரிய எடுத்துக்கிடுங்க. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு சனம் எங்கெங்க இருந்தெல்லாம் வருது, முடிஞ்சதும் அந்த செம்மண்ண மடியில அள்ளிட்டுப் போயி வீட்டுலயும் வயல்லயும் போடுதாவ. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்ல அந்த மணலுக்கு நடுவுல சுனை ஊறுது, மழைய அந்த மண்ணு குடிச்சு வச்சுக்கிட்டு பைய விடுததுனாலதான ஊறுது. கும்பிட்டு அள்ளிட்டுப் போற மண்ணுக்கு பதிவேட்டுல தரிசுன்னு பேரு. சாமியா நெனைக்குத மண்ண மரம் இல்லைங்குத ஒரே காரணத்துக்காக குறையா பாக்க வேண்டாமே.

33 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்லுவீங்க, எனக்குத் தெரியும், எனக்கு ஆர்டர் வருததே அந்தக் கணக்குலதான். 1988 தேசிய வனக் கொள்கையில நாட்டு நெலத்துல மூணுல ஒரு பங்கு மரம் இருக்கணும்னு எழுதுனாவ, நம்ம மாநிலத்துலயும் 2022ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி 33 சதவீதம்னு குறி வச்சிருக்காவ. நல்ல விசயம். ஆனா அது முழு நாட்டுக்கும் முழு மாநிலத்துக்கும் சேத்த கணக்கு. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பொட்டலும் மூணுல ஒரு பங்கு மரமா ஆகணும்னு அர்த்தம் கெடையாது. மேக்க பாபநாசம், மாஞ்சோலை, களக்காடுன்னு மலை இருக்கு, அங்க காடு காடாத்தான் இருக்கணும். மலைக்குக் கெழக்க நாம மழை மறைவுல கெடக்கோம், ஆனி ஆடியில கணவாய் வழியா வருத காத்து நமக்கு மண்ணத்தான் கொண்டு வருது, மழை வரணும்னா ஐப்பசி கார்த்திகை ஆகணும். அந்த வெயிலுக்கும் காத்துக்கும் ஏத்த மாதிரி ஆயிரக்கணக்கான வருசமா தன்ன வளைச்சு நெளிச்சு ஆக்கிக்கிட்ட நெலம் இது, கெட்டுப்போன காடு இல்ல.

நீங்க நட்டதுல எத்தன பொழைச்சுதுன்னும் ஒரு தடவ போயி பாருங்க. எங்க ஊர் தரிசுல போன கோடையிலயே பாதிக்கு மேல பட்டுப்போச்சு. எனக்கு ஒவ்வொரு கன்னும் ஆறு மாசம் தண்ணி ஊத்துன புள்ள. நின்னு காஞ்சு கெடக்குதத பாக்கவும் முடியல, அதுக்காக இடம்மாறிப் போன ஓணான நெனச்சாலும் தாங்கல. ரெண்டு பக்கமும் நட்டம். இந்தக் கோடை மழைக்கு நான் அங்க போயி மூணு நாள் காலையில உக்காந்து பாத்தேன், முன்னாடி கண்ணுக்கு எட்டுன தூரத்துல அஞ்சாறு கல்லுல விசிறி விரியும், இப்போ ஜேசிபி குமிச்ச அந்தக் கல்லுக் குமியில ஒண்ணே ஒண்ணு நின்னு விரிச்சுட்டு இருந்துச்சு. பதிலுக்கு எந்தக் கல்லுலயும் விரியல. மூணு நாளும் பதில் வரல.

சீமைக்கருவேலத்தையும் நல்லது நெனச்சுத்தான் கொண்டு வந்தாவ, அடுப்புக்கு வெறகு வேணும்னு. இன்னைக்கி அது மூடிக் கெடக்க காட்டுல மனுசனும் நொழைய முடியாது ஓணானும் இருக்க முடியாது. அந்த வெறகுல எங்க வீட்டுலயும் சோறு வெந்திருக்கு, இல்லேங்கல. நல்லது நெனச்சு வச்சதுக்கு என்ன ஆச்சுன்னு நம்மளவிட நல்லா தெரிஞ்ச ஊரு வேற எதுவும் கெடையாதுன்னு சொல்ல வாரேன்.

அதனால நான் உங்ககிட்ட கேக்குதது இவ்வளவுதான். ஒரு எடத்த தேர்ந்தெடுக்க முன்னாடி கோடை மழை விழுந்த பொறவு ஒரு நாள் காலையில எட்டு மணிக்கு அங்க போயி, செல்போன உள்ள வச்சுட்டு, ஒரு மணி நேரம் அசையாம உக்காந்து பாருங்க. கல்லுல ஏறி ஒண்ணு நிக்கி, புல்லுல ஒண்ணு ஓடுது, புத்து இருக்கு, எலி வளை இருக்கு, ஆட்டுக்காரர் வாராருன்னா, அது வெறும் எடம் இல்ல, விட்டுருங்க. அந்த ஆட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க, எந்த அட்லஸ்ஸும் சொல்லாதத அவரு சொல்லுவாரு. பொட்டல்ல ஏதாவது செஞ்சே ஆகணும்னா சீமைக்கருவேலங்கன்னு புதுசா மொளச்சு வருததப் பிடுங்குங்க, கையால, வேரோட, மண்ணக் கிண்டாம. கல்ல நவட்டாதீங்க. ஜேசிபிய உள்ள விடாதீங்க. தானா மொளச்சு நிக்குத உடை மரத்த வெட்டாதீங்க, அந்தக் குடை நெழலு எடவெளி விட்டு விழுது, அது அந்த எடத்துக்கு உள்ள அளவு.

மரம் வேண்டிய எடம் நம்ம சீமையில கொஞ்சமாவா கெடக்கு. நாலுவழிச் சாலை போட்டப்போ ரெண்டு பக்கமும் நின்ன புளியமரத்த எல்லாம் வெட்டுனாவளே, அங்க இன்னைக்கி பஸ்ஸுக்கு நிக்குத ஆச்சிமாரு வெயில்லதான் நிக்காவ. பள்ளிக்கொடத்துல புள்ளைய உக்கார வச்சு சோறு போட நெழலு இல்ல. சந்தை நடக்குத எடம், ரேசன் கடை வாசல், ஆஸ்பத்திரி வாசல், சுடுகாட்டுப் பாதை, எங்க பாத்தாலும் வெயிலு. குளத்துக்கரையில பனங்கொட்டை போடுங்க, கரையும் நிக்கும், பனங்காடைக்கு வீடும் ஆகும். ஊருணி ஓரம் மருதமும் இலுப்பையும் வைங்க. தெருவுல வேம்பும் பூவரசும் வைங்க, வீட்டுக்காரங்க தண்ணி ஊத்துவாவ, ஒண்ணு கூட பட்டுப் போகாது.

நான் முடிவு பண்ணிட்டேன், இனிமே பொட்டல்ல நட கன்னு குடுக்குததில்ல. ரெண்டு பெரிய ஆர்டர் அதுனால போச்சு, என் வீட்டுக்காரருக்கு வருத்தந்தான், ஆனா அந்த முட்டைய கையில வச்சுப் பாத்த பொறவு எனக்கு வேற வழி தெரியல.

இப்போ என் வலைக்குக் கீழ 400 கன்னு நிக்கி, வேம்பும் புங்கனும் பாதிப்பாதி, இடுப்பு உசரம் வந்தாச்சு. பஸ் ஸ்டாப்புக்கு, பள்ளிக்கொடத்துக்கு, தெருவுக்குன்னு யாரு கேட்டு வந்தாலும் சும்மாவே குடுக்கேன், ஐப்பசி மழைக்கு முன்னாடி வண்டிய மட்டும் கொண்டு வாங்க. வருத அன்னைக்கி கொஞ்சம் வெள்ளனமே வந்தீங்கன்னா, மேக்க இன்னும் ஜேசிபி போகாத பொட்டல் ஒண்ணு இருக்கு, கூட்டிட்டுப் போயி காட்டுதேன்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கன்னு வளத்துக் குடுக்குத அக்கா